கேள்வி-பதில்: கிரேட்ஃபுல் டெட் கச்சேரிகளில் எதைக் கேட்பது?

சென்ற இதழில் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்கக் குழுவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். 1965-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, 1995-ல் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இறக்கும் வரை சுமார் 2,300 கச்சேரிகள் செய்த குழு அது. ஒரே பாட்டை இரண்டு ராத்திரி ஒரே மாதிரி வாசிக்க மாட்டார்கள். கச்சேரிகளில் பெரும்பாலானவை நாடாவில் பதிவாகியிருக்கின்றன, இன்றைக்கும் கேட்கலாம் என்றும் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களுக்கு இங்கே பதில். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருடைய பெயரையும் விட்டுவிட்டேன்.

ஐயா, இரண்டாயிரம் கச்சேரி என்றால் மலைப்பாக இருக்கிறது. உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். (கல்லூரி மாணவர்)

1972 ஆகஸ்ட் 27, ஒரிகன் மாநிலத்தில் உள்ள வெனீட்டா.

தம்பி, இது ஒரு தயிர்க் கம்பெனிக்காக நடந்த கச்சேரி. எழுத்தாளர் கென் கீசியின் தம்பி குடும்பம் நடத்திய ஸ்பிரிங்ஃபீல்ட் கிரீமரி என்ற சின்ன பால் நிறுவனம் கடனில் தத்தளித்தது. அவர்களுக்காக இந்தக் குழு வந்து திறந்தவெளியில் வாசித்தது. தயிர் டப்பாவில் ஒட்டும் லேபிளிலேயே டிக்கெட் அச்சடித்தார்கள். அன்றைக்கு வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிட்டது. கிதார் தந்திகள் சூட்டில் இளகி, ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் சுருதி சேர்க்க வேண்டியிருந்தது. அந்தத் தடுமாற்றமும் பதிவில் கேட்கிறது.

முதலில் ‘சைனா கேட் சன்ஃப்ளவர்’ என்ற பாட்டையும், நடுவில் நிறுத்தாமல் அதிலிருந்து வழுக்கிக்கொண்டு போகும் ‘ஐ நோ யூ ரைடர்’ பாட்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் இடையில் வார்த்தை இல்லாத ஒரு பகுதி வரும். பாப் வியர் தன் கிதாரில் ஒரு சின்ன வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்வார். கார்சியா அதை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் திருப்புவார். பாட்டு எந்த நொடியில் மாறியது என்று கண்டுபிடிக்க நான் எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு இடமாகப் படுகிறது. அப்புறம் ‘ரைடர்’ பாட்டில், வடக்கே போகும் ரயிலின் முன்விளக்காக இருக்க ஆசைப்படும் ஒரு வரி வரும். அதைப் பாடும்போது கார்சியாவின் குரல் தன் எல்லையைத் தாண்டி மேலே ஏறி, ஒரு கணம் உடையப் பார்த்து, நின்றுவிடும். எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கும்.

முப்பது நிமிட ‘டார்க் ஸ்டார்’ இருக்கிறதே, அதை முதல் நாளே கேட்காதீர்கள். இரண்டு வாரம் கழித்துக் கேளுங்கள். தாளம் கரைந்து, சுருதி கரைந்து, இனி இவர்கள் திரும்பி வர வழியே இல்லை என்று தோன்றும் இடத்திலிருந்து நேராக ‘எல் பாசோ’ என்ற கௌபாய் பாட்டுக்குள் போய் இறங்குகிறார்கள். காட்டுக்குள் திரிந்துவிட்டு ஒரு வீட்டு வாசல் விளக்கைப் பார்த்த மாதிரி இருக்கும். இந்தக் கச்சேரி 2013-ல்தான் படத்தோடு முறைப்படி வெளியானது. அதுவரை கைக்குக் கை மாறிய கேசட்தான்.

கார்னெல் 1977 கச்சேரிதான் உலகத்திலேயே சிறந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி என்ன இருக்கிறது என்று புரியவில்லை. என் காதில்தான் குறையா? (வங்கி ஊழியர்)

இல்லை. இந்தப் பதிவின் புகழே அதற்கு ஒரு பாரம். அது இல்லாமல் கேட்டால் வேறு மாதிரி இருக்கும்.

1977 மே 8, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் மாநிலம் இத்தாகா நகரில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். ராணுவப் பயிற்சிக்காகக் கட்டிய பெரிய கூடம் அது. மே மாதம் பிறந்த பிறகும் அன்றைக்குப் பனி பெய்தது. முன்வரிசையில் ஆட்கள் நசுங்குகிறார்கள் என்று, ஒரு அடி பின்னால் போங்கள் என வியர் மேடையிலிருந்து கேட்டுக்கொள்வதும் பதிவில் இருக்கிறது.

இந்த நாடா இவ்வளவு பரவியதற்கு வாசிப்பு ஒரு காரணம், பதிவு செய்த கை இன்னொரு காரணம். பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற பெண் ஒலிப்பதிவாளர், கூடத்துக்குப் போகும் ஒலியை அப்படியே பிடிக்காமல், நாடாவுக்கென்றே தனியாக ஒரு கலவை செய்து பதிவு செய்வார். அதனால்தான் ஃபில் லெஷின் பேஸ் கிதார் அவ்வளவு உருண்டையாக, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறது. பிற்பாடு அவருக்குப் பணக் கஷ்டம் வந்தது. நாடாக்களை வைத்திருந்த வாடகைக் கிடங்குக்குப் பணம் கட்ட முடியாமல், 1986-ல் எல்லாம் ஏலத்துக்குப் போயிற்று. ஏலத்தில் எடுத்தவர்கள் வழியாகப் பிரதிகள் கிளம்பி, ரசிகர்கள் மத்தியில் ‘பெட்டி போர்ட்ஸ்’ என்ற பெயரிலேயே ஊர் ஊராகப் போயின. கார்னெல் பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011-ம் ஆண்டுத் தேர்வாகச் சேர்த்தது. கடைக்கு வந்தது 2017-ல், சரியாக நாற்பதாம் ஆண்டில். இதெல்லாம் நினைவுக்கு வரும்போது எனக்கு முதலில் அந்தப் பெண்மணியின் முகம்தான் வரும். அவர் காதை நம்பித்தான் நாம் இத்தனை பேர் இதைக் கேட்கிறோம்.

சரி, எங்கே கேட்பது? இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’. அதிலிருந்து ‘ஃபயர் ஆன் தி மவுண்டன்’. இரண்டும் சேர்ந்து இருபத்தைந்து நிமிடம் போல வரும். ‘ஃபயர்’ இரண்டே இரண்டு கோர்டுகளில் (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகளில்) ஊஞ்சல் மாதிரி ஆடும் பாட்டு. மேடைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத புதுப் பாட்டு வேறு. ‘ஸ்கார்லெட்’டின் வரிகள் முடிந்ததும் கிதாரை விட்டுவிட்டு லெஷின் பேஸை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஊஞ்சலின் ஆட்டம் கீழே மெல்ல வந்துவிடும். மேலே இன்னும் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். செல்பேசியின் ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் இந்தப் பகுதி உங்களுக்குக் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை. ஹெட்ஃபோன் போட்டு இன்னொரு முறை முயன்று பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வெனீட்டா இருக்கிறது.

இரண்டாம் பாதியின் கடைசியில் வரும் ‘மார்னிங் டியூ’வை மட்டும் விடாதீர்கள். அணுகுண்டுப் போருக்குப் பிந்தைய உலகைப் பற்றிய பாட்டு. முடிவில் கார்சியா தனித்தனி சுரங்களை விட்டுவிட்டு, எல்லாத் தந்திகளையும் மிக வேகமாக மீட்டிக்கொண்டே போவார். மழை வலுப்பது போல அது வலுத்துக்கொண்டே போகும்.

பதிவுகளின் விவரத்தில் சவுண்ட்போர்டு, ஆடியன்ஸ், மேட்ரிக்ஸ் என்று போட்டிருக்கிறதே, எதை எடுப்பது?

சவுண்ட்போர்டு என்றால் மேடையின் ஒலிக்கலவை மேசையிலிருந்து நேராக எடுத்தது. சுத்தமாக இருக்கும், ஆனால் சில பதிவுகளில் கூட்டமே இல்லாத அறையில் வாசித்த மாதிரி இருக்கும். ஆடியன்ஸ் என்றால் கூட்டத்தின் நடுவே மைக் வைத்து ரசிகர்கள் எடுத்தது. கூடத்தின் எதிரொலி, பக்கத்தில் இருப்பவர் இருமுவது எல்லாம் வரும். இரண்டையும் நேரம் பொருத்திக் கலந்தது மேட்ரிக்ஸ். புதிதாகக் கேட்பவர் சவுண்ட்போர்டில் ஆரம்பிக்கலாம். எனக்கு நல்ல ஆடியன்ஸ் டேப்தான் பிடிக்கும். ஒரு பாட்டின் முதல் சுரத்திலேயே அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்து ஆயிரம் பேர் சத்தம் போடுவார்கள் பாருங்கள், அது சவுண்ட்போர்டில் கிடைக்காது.

நான் பல வருடமாக மிருதங்கம் சொல்லித் தருகிறேன். பாட்டின் நடுவே அந்தந்த நேரத்துக்குத் தோன்றியபடி விரித்து வாசிக்கும் இந்த ‘ஜாம்’ நம் மனோதர்மம் போன்றதுதானா? (இசை ஆசிரியை)

அம்மா, பாதி அப்படித்தான், பாதி இல்லை.

கீர்த்தனை ஒன்று இருக்கிறது, அதை ஆதாரமாக வைத்துக்கொண்டு அன்றைய மனநிலைக்கு ஏற்ப விரித்துக்கொண்டு போகிறோம். இதுவரை ஒன்றுதான். ‘டார்க் ஸ்டார்’ 1968-ல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. அடுத்த வருடம் பிப்ரவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட்டில் அதே பாட்டு இருபத்து மூன்று நிமிடம். ‘லைவ்/டெட்’ என்ற ஆல்பத்தில் அது இருக்கிறது.

வித்தியாசம் எங்கே என்றால், நம் கச்சேரியில் பாடுபவர் போகும் வழியில் பக்கவாத்தியம் நிழல் போலப் போகும். இவர்களிடம் நிழல் கிடையாது. பேஸ் வாசித்த லெஷ் அதற்கு முன் டிரம்பெட் வாசித்தவர், நவீன இசையமைப்பு படித்தவர். குழுவில் சேரும் வரை பேஸ் கிதாரைத் தொட்டதில்லை. அதனால் பேஸ் வாசிப்பவர் இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்ற பழக்கமே அவருக்கு இல்லை. கார்சியா சொன்னதற்கு ஆமாம் போடாமல் எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். அதோடு தாளத்தையே கழற்றி வைத்துவிடும் நேரங்களும் உண்டு. கீர்த்தனைக்கு நடுவில் நமக்கு அது நினைத்துப் பார்க்க முடியாதது.

உங்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி: இரண்டு டிரம்மர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர். ‘லைவ்/டெட்’டில் ‘தி லெவன்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது, ஆவர்த்தனத்துக்குப் பதினோரு எண்ணிக்கை. கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு என்னைவிட அதிகம் பிடிபடும். 1978-க்குப் பிறகு அநேகமாக எல்லாக் கச்சேரியிலும் டிரம்ஸுக்கென்று தனியாக ஒரு பகுதி உண்டு. தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து வெளியே போகிறவர்கள் அங்கேயும் உண்டு. நான் போனதில்லை.

கச்சேரியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ள விட்டார்களாமே, அவர்களுக்கு நஷ்டம் இல்லையா?

விற்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. முதலில் ரசிகர்கள் மறைத்துக் கொண்டுபோய்ப் பதிவு செய்தார்கள். பிறகு பகிரங்கமாகவே மைக் கம்புகளை நட்டார்கள். அந்தக் கம்புகள் மற்றவர்களின் பார்வையை மறைக்கவே, 1984-ல் குழுவே ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் பதிவு செய்பவர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கி, தனி டிக்கெட் போட்டது. நஷ்டம் எங்கே? ஒரு கேசட் கேட்டவன் அடுத்த முறை டிக்கெட் வாங்கி வந்து நின்றான்.

நான் 1992-ல் மேற்படிப்புக்காக நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் பிங்ஹாம்டனுக்குப் போனவன். என் அறைத்தோழன் கட்டிலுக்கடியில் ஷூ பெட்டிகளில் முந்நூறு கேசட்டாவது வைத்திருப்பான். எல்லாம் மேக்செல் தொண்ணூறு நிமிடக் கேசட். முதுகில் பால்பாயின்ட் பேனாவால் தேதி, ஊர், எத்தனையாவது பிரதி என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் இரைச்சல் ஒரு படி கூடும் என்பதால் அந்தக் கடைசி எண்ணுக்குத்தான் மதிப்பு. முன்பின் தெரியாத ஒருவருக்கு வெற்றுக் கேசட்டும் திருப்பி அனுப்பத் தபால்தலையும் வைத்து அனுப்பினால், அவர் தன் ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துப் பதிவு செய்து அனுப்புவார். காசு வாங்க மாட்டார். நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் பக்கம் முடிந்துவிடும் என்பதால் நீளமான பாட்டுகள் நடுவில் டக்கென்று அறுந்து, மறுபக்கத்தில் தொடரும். அப்படி அறுந்த சில இடங்கள் எனக்கு இன்னமும் மனதில் இருக்கின்றன. இப்போது முழுசாகக் கேட்டாலும் அங்கே வரும்போது கை தானாகக் கேசட்டைத் திருப்பப் போகிறது.

நான் படித்த அதே வளாகத்தில், அதன் ஹார்ப்பர் கல்லூரியில், 1970 மே 2 அன்று இவர்கள் வாசித்திருக்கிறார்கள். முதலில் மின்சாரம் இல்லாத கிதார்களோடு ஒரு பகுதி, அப்புறம் முழு சத்தத்தோடு மற்றது. அதில் வரும் ‘வயோலா லீ ப்ளூஸ்’ போன்ற மூர்க்கமான வாசிப்பை அவர்களே பிறகு அதிகம் வாசிக்கவில்லை. 1997-ல் ‘டிக்ஸ் பிக்ஸ்’ வரிசையில் எட்டாவதாக வெளிவந்தது. அந்த வரிசையைத் தேர்ந்தெடுத்த டிக் லாட்வாலா, ரசிகராக நாடா சேர்க்க ஆரம்பித்துக் கடைசியில் குழுவின் நாடாக் காப்பாளராகவே ஆனவர்.

எகிப்து பிரமிடுக்குப் பக்கத்தில் வாசித்தார்களாமே. அது எப்படி?

1978 செப்டம்பரில் மூன்று நாள். கடைசி இரவு சந்திர கிரகணம். படித்தால் மெய்சிலிர்க்கும், கேட்டால் சுமார்தான். டிரம்மர் பில் குரூட்ஸ்மனுக்குக் கை ஒடிந்திருந்தது, பியானோ சுருதியோடு நிற்கவில்லை. 1969-ல் வுட்ஸ்டாக் இசைவிழாவிலும் அப்படித்தான், மேடையில் மின்கசிவு, கிதாரைத் தொட்டால் ஷாக் அடித்தது. பெரிய இடங்கள் இவர்களுக்கு ராசியில்லை. மழைக்கால வாரநாள் ஒன்றில் ஏதோ ஒரு கல்லூரி ஊரில் வாசித்ததைத் தேடுங்கள், அங்கேதான் புதையல் இருக்கும்.

மிக நீளமான பாட்டு எது? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

1974 மே 21, சியாட்டில், ‘ப்ளேயிங் இன் தி பேண்ட்’, நாற்பத்தாறு நிமிடம். அந்த வருடம் ‘வால் ஆஃப் சவுண்ட்’ என்று சுவர் போல அடுக்கிய அறுநூறுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர்களை மேடையில் தங்களுக்குப் பின்னாலேயே வைத்து வாசித்தார்கள். பேஸின் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாகப் பிரித்து அனுப்ப வழி செய்திருந்தார்கள். கூட்டம் கேட்டதையே அவர்களும் கேட்டார்கள். அதனாலோ என்னவோ அந்த வருடப் பதிவுகளில் அவசரமே இருக்காது. பாடும் குரல் மட்டும் கொஞ்சம் மெலிந்திருக்கும். பின்னால் இருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் மைக்கில் ஏறாமல் இருக்க, ஒவ்வொருவருக்கும் இரண்டு மைக்கை ஒன்றுக்கொன்று எதிராக இணைத்திருந்தார்கள், அதன் விளைவு அது. நாற்பத்தாறு நிமிடத்தையும் நான் ஒரே மூச்சில் நான்கு தடவை கேட்டிருக்கிறேன். நாலாவது தடவைதான் பிடித்தது.

ஃபிஷ் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை?

இவர்களைப் போலவே பாட்டை விரித்து வாசிக்கும் நல்ல அமெரிக்கக் குழு, எனக்குப் பழக்கம் குறைவு. 1999 டிசம்பர் 31 நள்ளிரவில் ஆரம்பித்து 2000-ம் ஆண்டின் முதல் சூரியன் உதிக்கும் வரை ஃபுளோரிடாவின் பிக் சைப்ரஸில் வாசித்த பதிவு இருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் விழிக்கத் தயாராக இருந்தால் அதையே கேளுங்கள்.

கிரேட்ஃபுல் டெட்டை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?

ஒரே ஒரு தடவை. 1993 செப்டம்பர், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். கூரைக்குப் பக்கத்தில் சீட். அங்கிருந்து பார்க்க கார்சியாவின் வெள்ளைத் தாடி மட்டும் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. இரண்டாம் பாதியில் ஒரு மெதுவான பாட்டு, அரை மணி நேரம் போனது என்று சத்தியமே செய்திருப்பேன். மூன்று வாரம் கழித்துத் தபாலில் அந்த இரவின் கேசட் வந்தது. எட்டு நிமிடம்தான்! கார்சியா ஒரு வரியை மறந்து முணுமுணுத்துவிட்டுப் போனதும் அதில் இருந்தது, நேரில் அதை நான் கவனிக்கவே இல்லை. கேசட்டை நம்புவதா, என் நினைவை நம்புவதா என்று ரொம்ப நாள் யோசித்தேன். இரண்டையும் வைத்திருக்கிறேன்.

கடைசிக் காலத்துப் பதிவுகள் கேட்கத் தகுந்தவையா? கார்சியா உடம்பு சரியில்லாமல் இருந்தார் என்று படித்தேன். (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

1990 மார்ச் 29, நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள நாசோ கொலிசியம் அரங்கம். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் விருந்தாளியாக வந்தார். ஒத்திகை ஏதும் இல்லாமல் முதல் பாதியில் ‘பேர்ட் சாங்’ வாசித்தார். அது பிடித்துப்போய் இரண்டாம் பாதி முழுக்க அவரை நிறுத்திவைத்துக்கொண்டார்கள். ‘ஐஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ பாட்டில் சாக்ஸஃபோன் ஒரு சின்ன வாக்கியம் சொல்ல, கார்சியா அதையே லேசாகத் திருத்திச் சொல்வார். மார்சாலிஸ் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு மேலே போவார். அன்றைக்குக் கீபோர்டில் இருந்த பிரென்ட் மிட்லண்ட் நான்கு மாதத்தில் இறந்துபோனார். அவர் சிரித்துக்கொண்டே வாசிப்பது போலத்தான் எனக்குக் கேட்கும்.

அதற்குப் பிறகு தேய்மானம்தான், மறைப்பதற்கில்லை. கடைசிக் கச்சேரி 1995 ஜூலை 9, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட். கார்சியாவின் விரல்கள் பல இடங்களில் தடுமாறுகின்றன. ஆனால் ‘ஸோ மெனி ரோட்ஸ்’ என்ற பாட்டின் முடிவில் அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே போகிறார். இருக்கும் தெம்பையெல்லாம் குரலுக்குக் கொடுத்துப் பாடுகிறார். சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று அவர் இல்லை. அந்தச் சிகாகோ கச்சேரியின் கடைசிப் பாட்டு லெஷ் பாடிய ‘பாக்ஸ் ஆஃப் ரெயின்’. சாகும் தறுவாயில் இருந்த தன் அப்பாவுக்காக அவர் மெட்டமைத்தது. ஐயா, இந்தக் கச்சேரியை முதலில் கேட்காதீர்கள். மற்றதெல்லாம் கேட்டுவிட்டு, இவர்கள் உங்களுக்கு வேண்டியவர்களாக ஆன பிறகு கேளுங்கள். நான் ஒவ்வொரு ஆகஸ்ட் 9-ம் தேதி ராத்திரியும் அந்த ஒரு பாட்டை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறேன்.